பாதரசம் கலந்த தட்டில் புழு ஏன் குறைவாக முட்டையிடுகிறது?

"பாதரசச் சேர்மம் புழுக்களின் இனப்பெருக்கத்தைப் பாதிக்கிறது" என்று ஓர் ஆய்வுச் செய்தி வந்தால், அது வாசகர்களைச் சென்றடைவதற்குள் இரண்டு விதமாகத் திரிந்துவிடுகிறது. ஒரு சாரார், மீன் சாப்பிட்டால் குழந்தை பிறக்காதாம் என்று பதறுகிறார்கள். இன்னொரு சாரார், புழுவுக்கும் மனிதனுக்கும் என்ன சம்பந்தம் என்று கையை உதறிவிடுகிறார்கள். அந்த ஆய்வகத்தில் உண்மையில் எண்ணப்பட்டது எது என்று இரு சாராருமே கேட்பதில்லை. பெரும்பாலும் எண்ணப்படுவது முட்டைகளும் அவற்றிலிருந்து வெளிவரும் குஞ்சுப் புழுக்களும்தான். எண்ணிக்கை குறைந்தது என்பது ஒரு செய்தி. எதனால் குறைந்தது என்பது வேறொரு செய்தி. இரண்டாவதைத் தெரிந்துகொள்ளாமல் முதலாவதை வைத்துப் பயப்படவும் முடியாது, ஆறுதல் கொள்ளவும் முடியாது.

எந்தப் பாதரசம்?

பாதரசம் என்று இன்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். சித்த மருத்துவ மரபு அதைப் பெயர் பெயராகப் பிரித்து வைத்திருந்தது: உருண்டோடும் உலோகம் ரசம், கந்தகத்தோடு சேர்ந்தது லிங்கம், குளோரினோடு சேர்ந்தவை பூரமும் வீரமும். இந்த வீரம்தான் வேதியியலில் மெர்க்குரிக் குளோரைடு. கொடிய நஞ்சு. புழு ஆய்வுகளில் அடிக்கடி வரும் இரண்டு பாதரசச் சேர்மங்களில் ஒன்று இது. மற்றது மெத்தில் பாதரசம். இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதிலிருந்துதான் பாதித் தவறான செய்திகள் பிறக்கின்றன. எனவே வகைகளை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. உலோகப் பாதரசம். பழைய தெர்மாமீட்டரில் ஏறி இறங்குவது. விழுங்கினால் குடல் மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஆவியைச் சுவாசித்தால் நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடும். 2001இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையில் பிரச்சினையாக எழுந்தது இந்த வகை.

2. கனிமச் சேர்மங்கள். வீரமும் பூரமும் இதில் அடங்கும். இவை முக்கியமாகத் தாக்குவது சிறுநீரகத்தை. முகத்தை வெளுக்கவைப்பதாக விற்கப்படும் சில கிரீம்களில் இருப்பதும் இந்த வகைதான். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகப் பாதிப்போடு வந்த நோயாளிகள் சிலரிடம் இந்தத் தொடர்பை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள்.

3. கரிமச் சேர்மங்கள். நீர்நிலைகளின் அடிச்சேற்றில், காற்றில்லாத இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள் கனிமப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இந்த வேலையைச் செய்யும் இரண்டு மரபணுக்கள் 2013இல்தான் அடையாளம் காணப்பட்டன. அங்கிருந்து அது நுண்ணுயிர், சிறு மீன், பெரிய மீன் என்று ஏறி, ஒவ்வொரு படியிலும் செறிந்துகொண்டே போகிறது. மனிதக் குடல் இதை ஏறக்குறைய முழுவதுமாக, 95 சதவீதம் அளவுக்கு, உறிஞ்சிக்கொள்கிறது.

சில தடுப்பூசிக் குப்பிகளில் கிருமி வளராமலிருக்கச் சேர்க்கப்படும் தையோமெர்சால், உடலில் எத்தில் பாதரசத்தைத் தருகிறது. மெத்தில், எத்தில் என்று பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஆனால் எத்தில் பாதரசம் உடலைவிட்டு மிக விரைவாக வெளியேறிவிடுகிறது. மெத்தில் பாதரச ஆய்வைத் தடுப்பூசிக்கு எதிரான ஆதாரமாகக் காட்டுவது பிழை.

ஏன் இந்தப் புழு?

கேனோராப்டிடிஸ் எலிகன்ஸ், சுருக்கமாகச் சி. எலிகன்ஸ், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருளைப்புழு. அழுகும் பழங்களிலும் மக்கும் தாவரப் பொருள்களிலும் வாழ்வது. 1960களில் சிட்னி பிரென்னர் இதை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தார். அந்த வழியில் நடந்த ஆய்வுகளுக்காக அவருக்கும் ராபர்ட் ஹார்விட்ஸுக்கும் ஜான் சல்ஸ்டனுக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. இனச்செல்களை விட்டுவிட்டால் வளர்ந்த இருபாலிப் புழுவின் (விந்தணு, கருமுட்டை இரண்டையும் தானே ஆக்கும் புழு) உடலில் 959 செல்கள். அவற்றில் 302 நரம்புச் செல்கள். ஒவ்வொரு செல்லும் எங்கிருந்து வந்தது என்பதற்கு வம்சாவளிப் படமே இருக்கிறது. பல செல் விலங்குகளில் மரபணுத் தொகுதி முதலில் படிக்கப்பட்டதும் இதற்குத்தான், 1998இல்.

இனப்பெருக்க ஆய்வுக்கு இது ஏன் தோதானது என்றால், உடல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும், முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்துக்கு மூன்று நாள் சொச்சத்தில் வந்துவிடும், பெரும்பாலானவை இருபாலிகள். இளம்பருவத்தின் கடைசியில் முதலில் விந்தணுக்களை உருவாக்கிச் சேமித்துக்கொள்ளும். பிறகு கருமுட்டை உருவாக்கத்துக்கு மாறும், திரும்பி வராது. சேமிப்பில் இருப்பவை ஏறத்தாழ 300 விந்தணுக்கள். ஆகவே ஒரு புழு தனியாக ஈனும் பிள்ளைகளும் ஏறத்தாழ 300. புறத்திலிருந்து ஓர் ஆண் புழு வந்து சேர்ந்தால் அதே இருபாலி ஆயிரத்துக்கும் மேல் ஈனும். அதாவது இயல்பான நிலையில் எல்லை வகுப்பது விந்தணு இருப்பு, முட்டை அல்ல. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

தட்டில் நடப்பது

பெட்ரி தட்டில் அகார் உறைந்திருக்கிறது. நடுவே ஈ. கோலை பாக்டீரியா மங்கலான வட்டமாகப் படர்ந்திருக்கிறது. புழுவுக்கு அதுதான் சோறு. நுண்ணோக்கியில் குனிந்திருக்கும் ஆய்வாளர், நுனியைத் தட்டையாக்கிய பிளாட்டினக் கம்பியால், வயிற்றின் நடுவே பிறைபோல் ஒரு தெளிந்த திட்டுத் தெரிகிற இளம் புழுவை மெல்லத் தூக்குகிறார். அந்தப் பிறைதான் பின்னால் முட்டை வெளிவரும் வாயாக மாறப்போகும் இடம். தட்டுக்கு ஒரு புழு. சில தட்டுகளில் பாதரசம் பட்ட புழுக்கள், சிலவற்றில் படாதவை. மறுநாள் தாயைப் புதுத் தட்டுக்கு மாற்றிவிட்டுப் பழைய தட்டில் கிடப்பதை எண்ண வேண்டும். நல்ல முட்டை நீள்வட்டமாக, ஓட்டுக்குள் சுருண்ட குஞ்சு புரள்வது தெரிய இருக்கும். கருவுறாத முட்டை பழுப்பாகக் குழைந்து கிடக்கும். முட்டை வரத்து நிற்கும்வரை இதையே ஒவ்வொரு நாளும் செய்து கூட்டினால், ஒரு தாய்க்கு ஓர் எண் கிடைக்கும்.

செய்தியில் "இனப்பெருக்கம் பாதிக்கப்பட்டது" என்று வருவது பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் குறிக்கிறது. பாதரசம் படாத புழு 300 ஈனும்போது பட்ட புழு 180 ஈன்றது என்று வைத்துக்கொள்வோம். விடுபட்ட அந்த 120 எங்கே போயின?

எண் குறைவதற்கு ஆறு வழிகள்

1. பசி. புழுவின் தொண்டைத் தசை நிமிடத்துக்கு இருநூறு முறைக்கு மேல் சுருங்கிப் பாக்டீரியாவை உள்ளிழுக்கிறது. மெத்தில் பாதரசம் இந்தச் சுருக்கத்தை மந்தமாக்குகிறது. உணவு குறைந்தால் முட்டையும் குறையும். இங்கே இனப்பெருக்க உறுப்புக்கு எதுவும் ஆகாமலே எண் இறங்குகிறது.

2. முட்டை இருந்தும் இட முடியாமை. முட்டையை வெளித்தள்ளத் தனித் தசைகளும் அவற்றை ஏவும் நரம்புகளும் உண்டு. அவை செயலிழந்தால் முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்துவிடும். குஞ்சுகள் உள்ளிருந்தே தாயைத் தின்று, அவள் தோலை ஒரு பையாக மிச்சம் வைத்து வெளியேறும். நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எண்ணிக்கையில் இது "இனப்பெருக்கக் குறைவு" என்றே பதிவாகும். கோளாறோ நரம்பிலும் தசையிலும்.

3. விந்தணுக் குறைவு. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நஞ்சு படாத ஆண் புழுவைச் சேர்த்துவிட வேண்டும். எண்ணிக்கை மீண்டுவிட்டால் பழுது விந்தணுவில். மீளாவிட்டால் வேறிடத்தில்.

4. உருவாகும் வழியிலேயே செல்கள் மடிவது. கருவகக் குழாயின் வளைவருகே இனச்செல்கள் பலவும் தாமாகவே அழிந்துபோவது இயல்புதான். ஏறத்தாழப் பாதி இப்படி மடிந்து, மற்ற முட்டைகளுக்கு ஊட்டமாகும் என்பது கணிப்பு. நஞ்சு பட்டால் இந்த அழிவு மிகையாகும். அக்ரிடின் ஆரஞ்சு என்ற சாயமிட்டால் மடியும் செல்கள் ஒளிர்ந்து காட்டும், அவற்றை எண்ணலாம்.

5. குரோமோசோம் பிழை. சி. எலிகன்ஸில் ஆறு சோடிக் குரோமோசோம்கள். கருவுறுவதற்குச் சற்று முன் உள்ள முட்டையில் சாயமிட்டுப் பார்த்தால் கச்சிதமாக ஆறு புள்ளிகள் தெரிய வேண்டும். பன்னிரண்டு தெரிந்தால் சோடிகள் பிரிந்து கிடக்கின்றன. ஒட்டிய கட்டிகளாகத் தெரிந்தால் இழைகள் பின்னிக்கொண்டுவிட்டன. இன்னோர் அடையாளமும் உண்டு. எக்ஸ் குரோமோசோம் ஒன்று தவறிப்போனால் குஞ்சு ஆணாகப் பிறக்கும். ஆயிரத்துக்கு ஓரிரண்டு ஆண் இருந்த இடத்தில் திடீரென்று பல ஆண்கள் தென்பட்டால் குரோமோசோம் பங்கீட்டில் தவறு என்று பொருள்.

6. கரு மடிவது. முட்டை சரியாக இடப்பட்டும் பொரிவதில்லை.

நச்சியலில் "இனப்பெருக்க நச்சுத்தன்மை" என்ற சொல் கருவுறும் திறனில் வரும் குறை, பிறக்கும் தலைமுறையில் வரும் கேடு ஆகிய அனைத்தையும் குறிக்கும் அகன்ற சொல். அந்தப் பொருளில் ஆறுமே அதற்குள் அடங்கும். ஆனால் முதல் இரண்டு வழிகளால் எண் குறைந்த ஆய்வை வைத்துக்கொண்டு "கருமுட்டையைச் சிதைக்கிறது" என்று தலைப்பிடுவது வாசகருக்குச் செய்யும் அநீதி என்றே சொல்வேன். மூன்று முதல் ஆறு வரையுள்ளவற்றில் எதையாவது ஆய்வாளர்கள் தனியே சோதித்தார்களா என்று பார்த்துவிட்டுத்தான் அப்படி எழுத வேண்டும்.

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை

2011இல் ஜொனாதன் ஃபிரீட்மனின் குழு மெர்க்குரிக் குளோரைடையும் மெத்தில் பாதரசக் குளோரைடையும் இதே புழுவில் ஒப்பிட்டது. வளர்ச்சியைத் தடுப்பதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உண்பது, நகர்வது, இனப்பெருக்கம் ஆகிய மூன்றிலும் மெத்தில் பாதரசமே கொடியதாக இருந்தது. இந்த மூன்றுக்கும் பொதுவானது நரம்பும் தசையும் இசைந்து வேலைசெய்வது என்று ஆய்வாளர்களே சுட்டினார்கள். மேலே சொன்ன முதல் இரண்டு வழிகளோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். இனப்பெருக்கம் குறைந்ததில் ஒரு பங்கு நரம்புக் கோளாறின் நிழலாக இருக்கலாம்.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2009இல், மைக்கேல் ஆஷ்னர் பங்கேற்ற குழு வேறு முடிவு கண்டது. மெத்தில் பாதரசம் புழுக்களைக் கொன்றது, வளர்ச்சியைத் தாமதப்படுத்தியது, தொண்டைச் சுருக்கத்தைக் குறைத்தது. ஆனால் உயிர்பிழைத்த புழுக்களின் ஆயுளிலும் பிள்ளைகளின் எண்ணிக்கையிலும் வெளிப்படையான மாற்றம் தெரியவில்லை. அந்தப் புழுக்களின் உடலிலோ, பாலூட்டிகளுக்குக் கொடிய நஞ்சாகும் அளவை நெருங்கிய பாதரசம் இருந்தது.

ஓர் ஆய்வு பொய், மற்றது மெய் என்று இதைப் படிக்கக் கூடாது. எவ்வளவு செறிவு, எந்தப் பருவத்தில், எவ்வளவு நேரம், நஞ்சுக்குள் இருக்கும்போதே எண்ணினார்களா, கழுவி எடுத்த பின் எண்ணினார்களா என்பவை அனைத்தும் விடையை மாற்றும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுப் புழுவின் இனப்பெருக்க உறுப்பு வெறும் நான்கு செல்கள். வளர்ந்த பின் அதன் இரண்டு கருவகக் குழாய்களில் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஆயிரம் இனச்செல்கள். நான்கு செல் நிலையில் விழும் அடியும் விந்தணு சேமித்து முடித்த பின் விழும் அடியும் ஒன்றாக இருக்க முடியாது. பிழைத்தவற்றை மட்டும் எண்ணினால் வலுவான புழுக்களே கணக்கில் வருகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செல்லுக்குள் பாதரசம் செய்வது

பாதரசத்துக்குக் கந்தகத்தின்மேல் தீராத பிடிப்பு. கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தையால் தொகுதி கொண்ட சேர்மங்களுக்கு வேதியியலில் மெர்காப்டன் என்ற பழைய பெயருண்டு. லத்தீனில் "பாதரசத்தைப் பிடிப்பது" என்று அதற்குப் பொருள். புரதங்களில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் இந்தத் தொகுதி இருக்கிறது. பாதரசம் அதில் ஒட்டிக்கொண்டால் புரதம் வடிவம் மாறி வேலையை விட்டுவிடும்.

மெத்தில் பாதரசத்தின் ஆபத்து அதன் ஆள்மாறாட்டத்தில் இருக்கிறது. சிஸ்டீனோடு சேர்ந்ததும் அதன் உருவம் மெத்தியோனின் என்ற சாதாரண அமினோ அமிலத்தைப் போலாகிவிடுகிறது. செல்லின் வாயிலில் அமினோ அமிலங்களை உள்ளே அழைத்துச் செல்லும் கடத்திப் புரதங்கள், நம் ஆள்தான் என்று இதையும் உள்ளே விடுகின்றன. மனித மூளையின் காவல் அரணையும் நஞ்சுக்கொடியையும் அது கடப்பது இப்படித்தான். புழுவிலும் அமினோ அமிலக் கடத்திகளுக்கு இதில் பங்கிருப்பதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது.

உள்ளே நுழைந்த பின் குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருள் செலவழிகிறது, மைட்டோகாண்டிரியா தடுமாறுகிறது. செல்லின் சாரக்கட்டான நுண்குழல்கள் அவிழ்கின்றன. அவற்றை ஆக்கும் டியூபுலின் புரதத்தில் பாதரசம் பிடிக்கத் தையால் தொகுதிகள் நிறைய உண்டு. செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரித்திழுப்பவை இந்த நுண்குழல்களே. புழு எதிர்ப்பில்லாமல் நிற்பதில்லை. உலோகத்தைப் பற்றி வைக்கும் மெட்டல்லோதயோனின் புரதங்கள் அதற்கு உண்டு. எஸ்கேஎன்-1 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் மெத்தில் பாதரசத்திலிருந்து டோபமைன் நரம்புகளைக் காப்பதை 2010இல் கண்டார்கள். மனிதரில் இதற்கு இணையானது என்ஆர்எஃப்2. இந்தக் காப்பு வேலையை இழை இழையாகப் பிரித்துப் பார்க்கப் புழுவைப்போல் வசதியான உயிர் குறைவு. புழு ஆய்வின் பெரிய பயன் இங்கேதான் என்பது என் கணிப்பு. மனிதருக்கு ஆபத்தான அளவு எது என்று சொல்வது அதன் வேலையல்ல.

புழு காட்ட முடியாதது

ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை, அசிட்டால்டிஹைடு தயாரிப்பில் உருவான மெத்தில் பாதரசத்தைக் கடலில் விட்டது. 1956 மே 1 அன்று நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. கழிவு நின்றது 1968இல். லேசான அறிகுறிகளே இருந்த, சில வேளை அறிகுறியே இல்லாத தாய்மார்களுக்கு, தலை நிற்காத, பேச்சு வராத குழந்தைகள் பிறந்தார்கள். நஞ்சுக்கொடி நச்சைத் தடுத்துவிடும் என்று அதுவரை மருத்துவ உலகம் நம்பியிருந்தது. பிள்ளையின் தொப்புள்கொடியை உலர்த்திப் பெட்டியில் பத்திரப்படுத்துவது ஜப்பானிய வழக்கம். பல ஆண்டுகள் கழித்து அந்தப் பெட்டிகளைத் திறந்து, கொடியிலிருந்த பாதரசத்தை அளந்து, எந்த ஆண்டு எவ்வளவு நஞ்சு ஏறியது என்று கணக்கிட்டார்கள். 1950களின் பிற்பகுதியில் அந்த ஊரில் ஆண் பிறப்பு விகிதம் சரிந்ததையும், ஆண் கருக்கள் கூடுதலாக இறந்ததையும் 2001இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது.

புழுவுக்கு நஞ்சுக்கொடி இல்லை. கரு ஓட்டுக்குள் அடைபட்டுத் தனியே வளர்கிறது. மினமாட்டாவின் மையமான துயரம், நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து கருவுக்கு நஞ்சு வடிந்து சேர்வது, புழுவில் நடக்க வழியில்லை. மனிதத் தொப்புள்கொடி இரத்தத்தில் மெத்தில் பாதரசம் தாயின் இரத்தத்தில் உள்ளதைப் போல் ஏறத்தாழ 1.7 மடங்கு இருக்கிறது.

கருத்தரிக்கும் திறன் பற்றிய மனித ஆதாரம் பெரும்பாலும் வேறு வகைப் பாதரசத்திலிருந்து வருகிறது. 1994இல் வெளியான கலிபோர்னியப் பல்மருத்துவ உதவியாளர்கள் ஆய்வில், பல் அடைக்கும் பாதரசக் கலவையை அதிகமாகவும் கவனக்குறைவாகவும் கையாண்ட பெண்களின் கருத்தரிக்கும் வாய்ப்பு, கையாளாதவர்களோடு ஒப்பிட்டால் 63 சதவீதமாக இருந்தது. குறைவாகக் கையாண்டவர்களிடம் அந்தக் குறை தென்படவில்லை. அது உலோகப் பாதரச ஆவி. மெத்தில் பாதரசத்துக்கு அதை அப்படியே பொருத்திப் பேச முடியாது.

மீன் சந்தையில்

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, மெத்தில் பாதரசத்துக்கு வாரத்துக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 மைக்ரோகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. கருவைக் காப்பதற்காக வகுத்த எல்லை இது. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரத்துக்கு 96 மைக்ரோகிராம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவீட்டில் சுறாவின் சராசரிப் பாதரசம் கிலோவுக்கு 0.979 மில்லிகிராம், 100 கிராம் சுறாவில் 98 மைக்ரோகிராம், பெரும்பகுதி மெத்தில் வடிவில். ஒரு வாரத்துக்கானது ஒரே தட்டில் தீர்ந்துவிடுகிறது. அதே அளவீட்டில் மத்தி வகை மீனுக்கு 0.013. நூறு கிராமுக்கு 1.3 மைக்ரோகிராம்தான். ஆகவே "மீனே வேண்டாம்" என்பது கர்ப்பிணியிடமிருந்து நல்ல புரதத்தையும் ஒமேகா-3 கொழுப்பையும் பறிக்கும் அறிவுரை. மத்தி, நெத்திலிக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கொடுப்பது நம் வழக்கம். அதற்குத் தேடும் பால் சுறா சிறிய இனம். அமெரிக்கச் சராசரியை அதன்மேல் அப்படியே ஏற்றுவது சரியல்ல. தாய்ப்பால் வழியாகப் போவதும் கருவில் போவதைவிடக் குறைவு. ஆனால் துண்டு போட்டு விற்கும் சுறா எவ்வளவு பெரிய மீனிலிருந்து வந்தது என்று வாங்குபவருக்குத் தெரியாது. மீன் எவ்வளவு பெரிதோ, எவ்வளவு வயதானதோ அவ்வளவு பாதரசம். முழுச் சிறு சுறாவாகப் பார்த்து வாங்குவது மேல். அமெரிக்க எச்சரிக்கைப் பட்டியலில் உள்ள "கிங் மாக்கரெல்" அட்லாண்டிக் இனம். நம் வஞ்சிரமும் இலங்கையில் சொல்லும் அறக்குளாவும் அதன் உறவே தவிர அதுவல்ல.

கருவுற்றது உறுதியான அன்றே பெரிய மீனை நிறுத்துபவர்கள் உண்டு. மெத்தில் பாதரசம் மனித உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 50 நாள்கள் ஆகின்றன. கால்வாசியாகக் குறைய 100 நாள்கள். அதற்குள் கருவுக்கு மூன்று மாதம் கடந்துவிடும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண் பெரிய சுறாவையும் பெரிய சூரையையும் தட்டிலிருந்து எடுக்க வேண்டியது அதற்கும் சில மாதங்கள் முன்னதாக.